லிப்மெம்கேச்டு இணைப்புக் கட்டுரு

லிப்மெம்கேச்டு இணைப்புக் கட்டுரு என்பது, மெம்கேச்டு என்னும் பதுக்கு நினைவக வழங்கியுடன் தொடர்பு கொள்ள உதவும் லிப்மெம்கேச்டு நிரலகத்தின் மையத் தரவுக் கட்டுரு ஆகும். சி மொழிக்கான இந்நிரலகத்தில் இது மெம்கேச்டு_எஸ்டி என்ற பெயரால் குறிக்கப்படுகிறது. வழங்கிகளின் பட்டியல், ஒவ்வொரு வழங்கிக்குமான சாக்கெட் இணைப்பு, படிப்பதற்கும் எழுதுவதற்குமான இடையகங்கள், நேரவரம்புகள், கடைசியாக ஏற்பட்ட பிழை ஆகிய அனைத்தும் இக்கட்டுருவில் அடங்கும்.

சி மொழியில் குப்பை நினைவகத்தைத் தானாகச் சேகரிக்கும் வசதி இல்லை. எனவே இக்கட்டுருவை யார் உருவாக்குவது, ஒரு நேரத்தில் யார் பயன்படுத்துவது, யார் விடுவிப்பது என்பவற்றை நிரலரே முடிவு செய்ய வேண்டும். இதில் தவறு நேர்ந்தால் நினைவகக் கசிவு ஏற்படலாம்; அதனினும் மோசமாக, ஒரு பயனருக்கு உரிய தரவு வேறொரு பயனரின் திரையில் தோன்றலாம்.

இக்கட்டுரையில் செயற்கூறுகளின் பெயர்கள் ஒலிபெயர்ப்பாகத் தரப்பட்டுள்ளன. நிரலில் அவை ஆங்கில எழுத்துகளிலேயே எழுதப்படும்.

பின்னணி

மெம்கேச்டு, 2003 ஆம் ஆண்டு லைவ்ஜர்னல் என்னும் வலைக்குறிப்புத் தளத்திற்காக பிராட் பிட்ஸ்பாட்ரிக் என்பவரால் உருவாக்கப்பட்டது. முதலில் பெர்ல் மொழியில் எழுதப்பட்டு, பின்னர் அனத்தோலி வோரோபே என்பவரால் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. ஒரே தரவுக்காகத் தரவுத்தளத்தை மீண்டும் மீண்டும் வினவுவதைத் தவிர்த்து, ஒருமுறை பெற்ற விடையைக் கணினியின் முதன்மை நினைவகத்தில் வைத்துக்கொள்வதே இதன் நோக்கமாகும். ஒவ்வொரு தரவும் ஒரு சாவியின் பெயரில் சேமிக்கப்படுகிறது. சாவியைக் கொடுத்தால் மதிப்பு திரும்பக் கிடைக்கும்.

மெம்கேச்டு வழங்கிகள் ஒன்றையொன்று அறியா. பத்துக் கணினிகளில் பத்து வழங்கிகள் இயங்கினாலும் அவற்றிற்கிடையே எந்தத் தொடர்பும் இல்லை. எந்தச் சாவி எந்த வழங்கியில் உள்ளது என்பதைக் கணக்கிடுவதும், பழுதுற்ற வழங்கியை ஒதுக்கி வைப்பதும் வாங்கியின் பணிகளாகும். வழங்கி எளிமையாக வைக்கப்பட்டதால் பொறுப்பு முழுவதும் வாங்கியிடம் வந்து சேர்ந்தது. வாங்கியின் இணைப்புக் கட்டுரு இத்தனை செய்திகளைச் சுமப்பதற்கு இதுவே காரணம்.

லிப்மெம்கேச்டு நிரலகத்தை, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் உருவாக்குநர்களுள் ஒருவரான பிரையன் ஏக்கர் 2007 ஆம் ஆண்டு வெளியிட்டார். இது பிஎஸ்டி உரிமத்தின் கீழ் வழங்கப்படும் கட்டற்ற மென்பொருள் ஆகும்.

கட்டுருவின் உள்ளடக்கம்

மெம்கேச்டு_எஸ்டி கட்டுருவின் உறுப்புகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- நிலைக் கொடிகள்: கட்டுரு தொடக்க நிலைக்குக் கொண்டுவரப்பட்டதா, அதற்கான நினைவகத்தை நிரலகம் ஒதுக்கியதா அல்லது நிரலர் அளித்தாரா என்பன.
- வழங்கிப் பட்டியல்: ஒவ்வொரு வழங்கியின் பெயர், போர்ட் எண், சாக்கெட் எண், இன்னும் வரவேண்டிய மறுமொழிகளின் எண்ணிக்கை, தோல்விக் கணக்கு என்பன.
- இடையகங்கள்: ஒவ்வொரு வழங்கிக்கும் படிக்க ஒன்று, எழுத ஒன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 கிலோபைட்டு அளவுடையது.
- பகிர்வு முறை: சாவியைக் கொண்டு வழங்கியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கீட்டு முறை.
- நேரவரம்புகள்: இணைப்பு ஏற்படுத்தவும், மறுமொழிக்குக் காத்திருக்கவும், பழுதுற்ற வழங்கியை மீண்டும் முயலவும் உரிய காலங்கள்.
- விடைக் கட்டுரு: கடைசியாகப் பெற்ற மதிப்பைத் தாங்கும் இடம்.

இக்கட்டுருவின் உறுப்புகளை நிரலர் நேரடியாகத் தொடுதல் கூடாது. நிரலகத்தின் பதிப்பு மாறும்போது உறுப்புகளின் அமைப்பும் மாறக்கூடும் என்பதால், உரிய செயற்கூறுகள் வழியாகவே அவற்றை அணுக வேண்டும்.

கட்டுருவின் வாழ்நாள்

உருவாக்கல்

மெம்கேச்டு_கிரியேட் என்னும் செயற்கூறு கட்டுருவை உருவாக்குகிறது. இதற்கு வெற்றுச் சுட்டு கொடுக்கப்பட்டால், நிரலகமே குவியல் நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தொடக்க மதிப்புகளை இட்டு அதன் சுட்டைத் திருப்பித் தரும். நிரலர் ஏற்கெனவே ஒரு கட்டுரு மாறியை அறிவித்து அதன் முகவரியைக் கொடுத்தால், அந்த இடத்திலேயே தொடக்க மதிப்புகள் இடப்படும். எந்த வழி பின்பற்றப்பட்டது என்பதை நிலைக் கொடி நினைவில் வைத்துக்கொள்ளும். விடுவிக்கும்போது இக்கொடியைப் பார்த்தே, கட்டுருவின் நினைவகத்தையும் விடுவிப்பதா அல்லது உள்ளிருப்பவற்றை மட்டும் விடுவிப்பதா என நிரலகம் முடிவு செய்கிறது.

வழங்கிகளைச் சேர்த்தல்

மெம்கேச்டு_செர்வர்_ஆட் செயற்கூற்றிற்கு வழங்கியின் பெயரும் போர்ட் எண்ணும் கொடுக்கப்பட வேண்டும். மெம்கேச்டின் இயல்பான போர்ட் எண் 11211 ஆகும். பல வழங்கிகளை ஒரு பட்டியலாகத் தொகுத்து மெம்கேச்டு_செர்வர்_புஷ் வழியாகவும் சேர்க்கலாம். அவ்வாறு சேர்க்கும்போது பட்டியலின் நகலே கட்டுருவுக்குள் செல்கிறது. ஆகவே மூலப் பட்டியலை நிரலர் தனியே விடுவிக்க வேண்டும். இது பலரும் மறக்கும் ஒரு படியாகும்.

வழங்கியைச் சேர்த்தவுடன் இணைப்பு ஏற்படுவதில்லை. முதல் கட்டளை அனுப்பப்படும்போதுதான் சாக்கெட் திறக்கப்படுகிறது. எனவே வழங்கி இயங்காமல் இருந்தாலும் உருவாக்கலும் சேர்த்தலும் வெற்றி பெறும். பிழை பின்னரே வெளிப்படும்.

நடத்தையை அமைத்தல்

மெம்கேச்டு_பிகேவியர்_செட் செயற்கூறு கட்டுருவின் நடத்தையை மாற்றுகிறது. இதனை அழைத்தால் அதுவரை திறந்திருந்த இணைப்புகள் வெளியேற்றப்பட்டு மீளமைக்கப்படும். ஆகவே நடத்தைகள் அனைத்தையும் தொடக்கத்திலேயே, முதல் கட்டளைக்கு முன் அமைத்துவிடுவது நல்லது. ஒவ்வொரு வேண்டுகோளிலும் இதனை அழைக்கும் நிரல், இணைப்புகளைத் திறந்து மூடுவதிலேயே காலத்தைச் செலவிடும்.

நகலெடுத்தல்

மெம்கேச்டு_குளோன் செயற்கூறு, ஒரு கட்டுருவின் அமைப்புகளையும் வழங்கிப் பட்டியலையும் கொண்டு புதிய கட்டுரு ஒன்றை உருவாக்குகிறது. திறந்திருக்கும் இணைப்புகள் நகலெடுக்கப்படுவதில்லை. புதிய கட்டுரு தனக்கான இணைப்புகளைத் தானே திறந்துகொள்ளும். இதற்கு மாறாக, ஒரு கட்டுருவைச் சி மொழியின் நினைவக நகல் செயற்கூறு மூலமோ நேரடி ஒதுக்கீட்டுக் குறி மூலமோ படியெடுப்பது பெரும் பிழையாகும். அவ்வாறு செய்தால் இரு கட்டுருக்களும் ஒரே பட்டியலையும் ஒரே சாக்கெட்டையும் சுட்டும். இரண்டையும் விடுவிக்கும்போது ஒரே நினைவகம் இருமுறை விடுவிக்கப்பட்டு நிரல் நிலைகுலையும்.

விடுவித்தல்

மெம்கேச்டு_ஃப்ரீ செயற்கூறு இணைப்புகளை மூடி, கட்டுரு வைத்திருந்த நினைவகத்தை விடுவிக்கிறது. இணைப்புகளை மட்டும் மூடிவிட்டுக் கட்டுருவை வைத்துக்கொள்ள மெம்கேச்டு_குவிட் பயன்படும். விடுவிப்பதற்கு முன் இதனைத் தனியே அழைக்கத் தேவையில்லை. விடுவித்த பின்னர் சுட்டு மாறியில் வெற்று மதிப்பை இடுவது, பின்னர் தவறுதலாக அதைப் பயன்படுத்துவதைத் தடுக்க உதவும்.

எடுத்துக்காட்டு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊர்கள் பற்றிய செய்திகளைத் தரும் வலைத்தளம் ஒன்றைக் கருதுக. ஒருவர் ஆலத்தியூர் என்னும் ஊரின் பக்கத்தைக் கேட்கிறார். நிரல் பின்வருமாறு செயல்படும்.

1. நிரல் தொடங்கும்போதே கட்டுரு ஒன்று உருவாக்கப்பட்டு, இரு வழங்கிகள் சேர்க்கப்பட்டிருக்கும்.
2. "ஊர்:ஆலத்தியூர்" என்ற சாவி அமைக்கப்படுகிறது.
3. மெம்கேச்டு_கெட் அழைக்கப்படுகிறது. சாவியிலிருந்து கணக்கிட்டு, இரண்டில் எந்த வழங்கி என்பதை நிரலகம் தேர்கிறது.
4. மதிப்பு கிடைத்தால் பக்கம் காட்டப்படுகிறது. அதன் பின் அம்மதிப்பின் நினைவகம் விடுவிக்கப்படுகிறது.
5. "கிடைக்கவில்லை" என்ற குறியீடு வந்தால் தரவுத்தளம் வினவப்பட்டு, விடை மெம்கேச்டு_செட் மூலம் 3600 வினாடி ஆயுளுடன் சேமிக்கப்படுகிறது.
6. நிரல் முடியும்போது மட்டும் கட்டுரு விடுவிக்கப்படுகிறது.

ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் கட்டுருவை உருவாக்கி விடுவித்தால் நிரல் சரியாகவே இயங்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிய டிசிபி இணைப்பு ஏற்படுத்தப்படுவதால், பதுக்கு நினைவகத்தால் கிடைக்கும் காலச் சேமிப்பில் ஒரு பகுதி வீணாகும்.

ஐந்தாம் படியில் ஆயுள் குறிப்பிடுவது முதன்மையானது. அரியலூர் மாவட்டம் 2001 இல் பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2002 இல் மீண்டும் அதனுடன் இணைக்கப்பட்டு, 2007 இல் மறுபடியும் பிரிக்கப்பட்டது. இத்தகைய மாற்றத்தின்போது தரவுத்தளத்தைத் திருத்தினால் மட்டும் போதாது. பதுக்கு நினைவகத்தில் உள்ள பழைய மதிப்பு ஆயுள் முடியும் வரை, அல்லது அழிக்கப்படும் வரை, ஆலத்தியூரைப் பழைய மாவட்டத்திலேயே காட்டிக்கொண்டிருக்கும். ஆயுளாக 30 நாட்களுக்கு, அதாவது 25,92,000 வினாடிகளுக்கு, மேற்பட்ட எண் கொடுக்கப்பட்டால் மெம்கேச்டு அதனைக் கால அளவாகக் கொள்ளாமல் யுனிக்ஸ் நேரமாகக் கொள்ளும். 40 நாட்கள் எனக் கருதி 34,56,000 என எழுதினால், அது 1970 ஆம் ஆண்டைக் குறிக்கும் நேரமாகிவிடும். விளைவாக, சேமித்த தரவு உடனே காலாவதியாகும்.

தமிழ்ச் சாவிகள்

மெம்கேச்டில் சாவியின் நீளம் 250 பைட்டுகளுக்கு மிகக்கூடாது, இடைவெளியும் இடம்பெறக்கூடாது. யுடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். ஆகவே தமிழில் எழுதப்படும் சாவியில் 83 குறியுருக்களே இடம்பெற முடியும்.

கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் குறியுருவும் ஒன்றல்ல. "ஆலத்தியூர்" என்ற சொல்லில் ஆறு எழுத்துகள் உள்ளன. புள்ளிகளும் உயிர்மெய்க் குறிகளும் தனிக் குறியுருக்கள் ஆதலால் குறியுருக்கள் பத்து, பைட்டுகள் முப்பது. "ஊர்:" என்ற முன்னொட்டின் 10 பைட்டுகளையும் சேர்த்தால் மொத்தம் 40 பைட்டுகள் ஆகும்.

லிப்மெம்கேச்டின் செயற்கூறுகள் சாவியுடன் அதன் நீளத்தையும் தனியே கேட்கும். அங்கு பைட்டுகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக எழுத்துகளின் எண்ணிக்கையைக் கொடுத்தால் விளைவு விபரீதமாகும். "ஊர்:ஆலத்தியூர்", "ஊர்:பெரம்பலூர்" ஆகிய இரண்டிலும் முன்னொட்டின் முக்காற்புள்ளி உட்பட ஒன்பது எழுத்துகள் உள்ளன. முதல் ஒன்பது பைட்டுகள் மட்டும் எடுக்கப்பட்டால் இரண்டு சாவிகளும் "ஊர்" என்றே சுருங்கும். பின்னர் சேமிக்கப்பட்ட ஊரின் தரவே இரு பக்கங்களிலும் தோன்றும். பிழைச் செய்தி எதுவும் வராது.

மற்றொரு சிக்கல் ஒகர, ஓகார உயிர்மெய்களில் எழுகிறது. "ஜெயங்கொண்டம்" என்ற பெயரில் உள்ள "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியுருவாகவும், கொம்பும் காலுமாக இரு குறியுருக்களாகவும் பதிக்க முடியும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் பைட்டுகள் முறையே 36, 39 என வேறுபடுவதால் மெம்கேச்டுக்கு இவை வெவ்வேறு சாவிகள். ஒன்றின் வழியாகச் சேமித்ததை மற்றொன்றின் வழியாக அழிக்க முடியாது. ஆகவே சாவியை அமைக்கும் முன் யூனிக்கோடு இயல்பாக்கம் செய்வது தேவையாகும்.

நினைவக உரிமை

நிரலகத்திற்கும் நிரலருக்கும் இடையில் எந்த நினைவகம் யாருடையது என்பதைப் பின்வரும் பட்டியல் காட்டுகிறது.

- வெற்றுச் சுட்டு கொடுத்து உருவாக்கிய கட்டுரு: மெம்கேச்டு_ஃப்ரீ மூலம் நிரலர் விடுவிக்க வேண்டும்.
- நிரலர் அறிவித்த கட்டுரு மாறி: மெம்கேச்டு_ஃப்ரீ அழைக்கப்பட வேண்டும், அது உள்ளடக்கத்தை மட்டும் விடுவிக்கும்.
- மெம்கேச்டு_கெட் தந்த மதிப்பு: சி மொழியின் ஃப்ரீ செயற்கூறு மூலம் நிரலர் விடுவிக்க வேண்டும்.
- தனியே உருவாக்கிய வழங்கிப் பட்டியல்: மெம்கேச்டு_செர்வர்_லிஸ்ட்_ஃப்ரீ மூலம் நிரலர் விடுவிக்க வேண்டும்.
- சேமிப்பதற்காகக் கொடுத்த சாவியும் மதிப்பும்: நிரலருடையவை, நிரலகம் அவற்றை விடுவிப்பதில்லை.
- மெம்கேச்டு_ஸ்ட்ரெரர் தரும் பிழை விளக்கம்: நிரலகத்துடையது, விடுவிக்கக் கூடாது.

மூன்றாவதே மிகுதியாக மறக்கப்படுவது. 2 கிலோபைட்டு மதிப்பை வினாடிக்கு நூறு முறை பெற்று விடுவிக்காமல் விட்டால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 700 மெகாபைட்டு கசியும். சோதனையின்போது சில நூறு முறை மட்டுமே இயங்கும் நிரலில் இக்கசிவு கண்ணில் படாது. வால்கிரைண்டு போன்ற கருவிகள் இதனைக் கண்டறிய உதவும்.

இழைகளும் செயலாக்கங்களும்

ஒரு கட்டுருவை ஒரே நேரத்தில் இரு இழைகள் பயன்படுத்தக் கூடாது. இதற்கான காரணம் நெறிமுறையின் அமைப்பிலேயே உள்ளது. மெம்கேச்டின் உரை நெறிமுறையில், வேண்டுகோள் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் இல்லை. ஓர் இணைப்பில் வேண்டுகோள்கள் எந்த வரிசையில் சென்றனவோ அதே வரிசையில் மறுமொழிகள் வரும். ஒரு தரவு சேமிக்கப்பட்டால் "ஸ்டோர்டு" என்ற சொல் மட்டுமே திரும்பும். அது எந்தச் சாவிக்கு உரியது என்பது அதில் இராது. வரிசையே அடையாளம் என்பதால், அவ்வரிசை குலைந்தால் ஒருவரது விடை மற்றொருவருக்குச் செல்லும். மேலும் படிப்பு இடையகமும் பொதுவானது என்பதால், ஓர் இழை பாதி படித்த மதிப்பின் மீதியை மற்றோர் இழை படித்துவிடக்கூடும்.

இழைகளைப் பயன்படுத்தும் நிரலில் ஒவ்வோர் இழைக்கும் தனிக் கட்டுரு தேவை. முதன்மைக் கட்டுரு ஒன்றை அமைத்து, ஒவ்வோர் இழையிலும் மெம்கேச்டு_குளோன் மூலம் நகல் எடுப்பதே வழக்கமான முறையாகும்.

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஃபோர்க் என்னும் அழைப்பு, இயங்கும் செயலாக்கத்தைப் பிரதியெடுத்துச் சேய்ச் செயலாக்கம் ஒன்றை உருவாக்குகிறது. இங்கு மெம்கேச்டு_குளோன் போலன்றி, திறந்திருக்கும் சாக்கெட்டுகளும் சேய்க்குச் சென்றுவிடும். தாயும் சேயும் ஒரே இணைப்பில் எழுதவும் படிக்கவும் தொடங்கினால் மேற்கூறிய குழப்பம் இங்கும் நேரும். ஆகவே தாய்ச் செயலாக்கத்தில் எந்தக் கட்டளையும் அனுப்பாமல், சேய் பிறந்த பின்னரே இணைப்பை ஏற்படுத்த வேண்டும். முதல் கட்டளை வரை சாக்கெட் திறக்கப்படுவதில்லை என்ற இயல்பு இங்குத் துணை செய்கிறது. ஆனால் தொடக்கத்தில் "வழங்கி இயங்குகிறதா" எனத் தாய்ச் செயலாக்கம் ஒருமுறை சோதித்துப் பார்த்தாலே இப்பாதுகாப்பு போய்விடும்.

கட்டுருக் குளம்

இழைகள் அடிக்கடி தோன்றி மறையும் நிரல்களில் ஒவ்வொன்றுக்கும் நகல் எடுப்பது செலவு மிக்கது. இதற்காக லிப்மெம்கேச்டின் துணை நிரலகம் குளம் என்னும் அமைப்பை வழங்குகிறது. முதன்மைக் கட்டுரு, தொடக்க எண்ணிக்கை, உச்ச எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கொடுத்து மெம்கேச்டு_பூல்_கிரியேட் அழைக்கப்படும். இழை தனக்குத் தேவையானபோது குளத்திலிருந்து ஒரு கட்டுருவை எடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வைக்க வேண்டும். எல்லாக் கட்டுருக்களும் பயன்பாட்டில் இருந்தால் காத்திருப்பதா, உடனே திரும்புவதா என்பதையும் அழைப்பவர் குறிப்பிடலாம்.

குளத்தைப் பயன்படுத்தும்போது இரு கட்டுப்பாடுகள் தேவை. முதலாவது, பிழை நேர்ந்து செயற்கூற்றிலிருந்து இடையில் வெளியேறும் வழிகளிலும் கட்டுரு திரும்ப வைக்கப்பட வேண்டும். இல்லையெனில் பிழை நேரும் ஒவ்வொரு முறையும் குளத்தில் ஒன்று குறைந்து, இறுதியில் அனைத்து இழைகளும் காத்துக்கிடக்கும். இரண்டாவது, மறுமொழி முழுதும் படிக்கப்படாத கட்டுருவை அப்படியே திரும்ப வைக்கக் கூடாது. பல சாவிகளை ஒருங்கே கேட்கும் மெம்கேச்டு_எம்கெட் அழைப்பின் விடைகளைப் பாதியில் விட்டுவிட்டால் எஞ்சியவை இணைப்பிலேயே தங்கும். அடுத்த கட்டளையின்போது எஞ்சியவற்றைப் படித்துக் கழிக்க நிரலகம் முயலும். எனினும் விடைகள் தீரும் வரை படிப்பதோ, ஐயம் இருப்பின் மெம்கேச்டு_குவிட் மூலம் இணைப்பை மூடிவிடுவதோ பாதுகாப்பானது.

குளத்தை அழிக்கும்போது முதன்மைக் கட்டுருவின் சுட்டு நிரலருக்குத் திருப்பித் தரப்படும். அதனை நிரலர் தனியே விடுவிக்க வேண்டும்.

2023 ஆம் ஆண்டு நிகழ்வு

படிக்கப்படாத மறுமொழியுடன் இணைப்பு குளத்திற்குத் திரும்பினால் என்ன நேரும் என்பதற்கு 2023 மார்ச் 20 அன்று நடந்த நிகழ்வு சான்றாகும். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் சாட்ஜிபிடி சேவை, ரெடிஸ் என்னும் வேறொரு பதுக்கு நினைவக வழங்கியையும் அதற்கான பைத்தான் மொழி நிரலகத்தையும் பயன்படுத்தி வந்தது. வேண்டுகோள் அனுப்பப்பட்ட பின், மறுமொழி படிக்கப்படும் முன், அவ்வேண்டுகோள் கைவிடப்பட்டால் இணைப்பு பழுதுற்ற நிலையிலேயே பகிர்வுக் குளத்தில் தங்கும் வழு அந்நிரலகத்தில் இருந்தது. அடுத்து அவ்வணைப்பைப் பெற்ற வேண்டுகோள், முன்னவருக்கு உரிய மறுமொழியைப் படித்தது.

பெரும்பாலான வேளைகளில் தரவின் வகை பொருந்தாமல் பிழையே ஏற்பட்டது. வகை தற்செயலாகப் பொருந்தியபோது, பிறரது தரவு முறையான விடையாகவே காட்டப்பட்டது. சில பயனர்கள் பிறரது உரையாடல்களின் தலைப்புகளைக் கண்டனர். குறிப்பிட்ட ஒன்பது மணி நேரத்தில் சேவையைப் பயன்படுத்திய கட்டணச் சந்தாதாரர்களுள் 1.2 விழுக்காட்டினரின் பெயர், மின்னஞ்சல் முகவரி, கட்டண முகவரி, கடன் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் உள்ளிட்ட செய்திகள் பிறருக்குத் தெரிந்திருக்கக் கூடும் என அந்நிறுவனம் அறிவித்தது. சேவை அன்று தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பின்னர் பதுக்கு நினைவகம் தந்த தரவு, கேட்ட பயனருக்கு உரியதுதானா என ஒப்பிட்டுப் பார்க்கும் கூடுதல் சோதனைகள் சேர்க்கப்பட்டன.

இந்நிகழ்வுக்கும் லிப்மெம்கேச்டுக்கும் தொடர்பில்லை. ஆயினும் வரிசையை மட்டும் நம்பி மறுமொழியை உரியவரிடம் சேர்க்கும் எல்லா நிரலகங்களுக்கும் இவ்விடர் பொதுவானது.

இணைப்புகளின் எண்ணிக்கை

ஒவ்வொரு கட்டுருவும் தன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வழங்கிக்கும் ஓர் இணைப்பைத் திறக்கக் கூடும். 20 வலை வழங்கிக் கணினிகளில் ஒவ்வொன்றிலும் 60 செயலாக்கங்கள் இயங்கினால், ஒவ்வொரு மெம்கேச்டு வழங்கிக்கும் 1200 இணைப்புகள் செல்லும். மெம்கேச்டு இயல்பாக ஏற்கும் உச்ச அளவு 1024 ஆகும். மெம்கேச்டு வழங்கிகளைக் கூட்டுவதால் இந்த எண்ணிக்கை குறையாது; ஏனெனில் புதிய வழங்கிக்கும் அதே 1200 இணைப்புகள் செல்லும். வழங்கியின் உச்ச அளவை உயர்த்துவதோ, இழைகளுக்கிடையே குளத்தைப் பகிர்ந்து கட்டுருக்களைக் குறைப்பதோ இதற்குத் தீர்வாகும்.

வாங்கியின் பக்கமும் செலவு உண்டு. 10 வழங்கிகளைக் கொண்ட கட்டுரு ஒன்றின் இடையகங்களுக்கு மட்டும் ஏறத்தாழ 160 கிலோபைட்டு தேவை. 50 நகல்கள் எடுத்தால் இது 8 மெகாபைட்டு ஆகும்.

வழங்கிப் பட்டியல் மாறும்போது

இயல்பான பகிர்வு முறையில், சாவியிலிருந்து பெற்ற எண்ணை வழங்கிகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைக் கொண்டு வழங்கி தேர்ந்தெடுக்கப்படுகிறது. நான்கு வழங்கிகள் ஐந்தாகும்போது, 0 முதல் 19 வரையான எண்களில் 0, 1, 2, 3 ஆகியவை மட்டுமே பழைய வழங்கியிலேயே இருக்கும். அதாவது 80 விழுக்காட்டுச் சாவிகள் இடம் மாறிவிடும். அத்தனை வினவல்களும் ஒரே நேரத்தில் தரவுத்தளத்தின் மீது விழும்.

இதனைத் தவிர்க்க, லாஸ்ட்.எஃப்எம் என்னும் இசைத் தளத்தில் உருவான கெட்டமா என்னும் சீர்மைப் பகிர்வு முறையை நிரலகம் வழங்குகிறது. இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குச் சாவிகளே இடம் மாறும். ஒரே வழங்கிகளைப் பகிரும் எல்லா நிரல்களும் ஒரே பகிர்வு முறையையும் ஒரே பட்டியலையும் கொண்டிருக்க வேண்டும். இல்லையெனில் ஒரு நிரல் எழுதியதை மற்றொரு நிரல் வேறு வழங்கியில் தேடிக்கொண்டிருக்கும்.

பிழைகளும் நேரவரம்புகளும்

செயற்கூறுகள் பலவும் மெம்கேச்டு_ரிட்டர்ன்_டி வகைக் குறியீட்டைத் தருகின்றன. "கிடைக்கவில்லை" என்பது பிழையன்று. தரவு பதுக்கு நினைவகத்தில் இல்லை என்பதே அதன் பொருள். இணைப்புத் தோல்வி, நேரவரம்பு கடத்தல் ஆகியவை உண்மையான பிழைகள். இரண்டையும் ஒன்றாகக் கருதும் நிரல், வழங்கி முற்றிலும் செயலிழந்த பின்னரும் குறையின்றி இயங்குவது போலத் தோன்றும். தரவுத்தளம் மட்டும் காரணம் தெரியாமல் திணறும்.

நேரவரம்புகளின் அலகுகள் வேறுபடுகின்றன. இணைப்பு நேரவரம்பும் மறுமொழிக் காத்திருப்பும் மில்லி வினாடியிலும், சாக்கெட்டின் அனுப்பல், பெறல் வரம்புகள் மைக்ரோ வினாடியிலும், பழுதுற்ற வழங்கியை மீண்டும் முயலும் காலம் வினாடியிலும் குறிப்பிடப்பட வேண்டும். அலகை மாற்றிக் கருதினால் அரை வினாடி என எண்ணி எழுதிய 500 என்பது எட்டு நிமிடத்திற்கு மேற்பட்ட காத்திருப்பாகிவிடும்.

பயன்பாடும் தற்போதைய நிலையும்

பிற மொழிகளின் நீட்சிகள் சிலவும் லிப்மெம்கேச்டின் மீதே கட்டப்பட்டுள்ளன. பிஎச்பி மொழியின் மெம்கேச்டு நீட்சியும், பைத்தான் மொழியின் பைலிப்எம்சி தொகுப்பும் இவ்வகையின. விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளும் இந்தப் பிஎச்பி நீட்சியின் வழியாக மெம்கேச்டைப் பயன்படுத்த வல்லது. இந்நீட்சிகளில் மதிப்புகளின் நினைவகத்தை மொழியே கவனித்துக்கொள்ளும். ஆனால் இணைப்பைப் பகிர்வது, ஃபோர்க் அழைப்புக்குப் பின் பயன்படுத்துவது ஆகியவற்றிற்கான எச்சரிக்கைகள் அவற்றிற்கும் பொருந்தும்.

மூல நிரலகத்தின் 1.0.18 பதிப்பு 2014 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் பின்னர் அத்திட்டத்தில் வளர்ச்சி நின்றது. அதிலிருந்து கிளைத்த லிப்மெம்கேச்டு-ஆசம் என்னும் திட்டம் 1.1 வரிசைப் பதிப்புகளை வெளியிட்டுள்ளது. கட்டுருவை உருவாக்குதல், நகலெடுத்தல், விடுவித்தல் ஆகியவற்றிற்கான செயற்கூறுகள் அதிலும் அதே பெயரில் தொடர்கின்றன.

இவற்றையும் பார்க்க

- மெம்கேச்டு
- பதுக்கு நினைவகம்
- சி (நிரலாக்க மொழி)
- நினைவகக் கசிவு
- யுடிஎஃப்-8
- ரெடிஸ்